கொல்லிமலையும் இரண்டு 'எல்'லும் - குறில் நெடில் பட்ட பாடு

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குப் போகும் பஸ் காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கும். வளைவுகளை எண்ணிக்கொண்டே போகிறவர்கள் வழியில் இருக்கும் பெயர்ப் பலகையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தமிழில் 'கொல்லிமலை'. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் கே, ஓ, எல், எல், ஐ.

தமிழ் தெரியாத ஒருவர் இந்த ஐந்து எழுத்தையும் எப்படிப் படிப்பார்? கொல்லி என்றா, கோலி என்றா, கோல்லி என்றா? லண்டன்காரராக இருந்தால் ஏறக்குறைய 'காலி' என்றே படித்துவிடுவார். காலேஜ் என்ற சொல்லும் இதே 'ஓ, எல், எல்' கூட்டணியில்தானே எழுதப்படுகிறது! சங்கப் பாட்டில் வரும் மலை காலியாகிப் போகும்.

இதே மலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரையும் பாருங்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடியில் விழாவும் நடக்கிறது. 'ஓரி'யில் வருவது நெடில் ஓகாரம். 'கொல்லி'யில் வருவது குறில் ஒகரம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஓ'தான். மன்னனுக்கு இரண்டு மாத்திரை, மலைக்கு ஒரு மாத்திரை என்று எழுத்து சொல்வதில்லை.

"ஆங்கிலம் அப்படித்தான், தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது, எழுதுவது போலப் படிக்கலாம்" என்று பெருமையாகச் சொல்லத் தோன்றும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு வரை தமிழிலும் எ-ஏ, ஒ-ஓ ஆகிய இரண்டு ஜோடிகளில் இதே குழப்பம் இருந்தது. கொல்லி என்று எழுதினாலும் கோல்லி என்று எழுதினாலும் ஓலையில் ஒன்று போலவே இருக்கும். அது எப்படி வந்தது, எப்படிப் போனது, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் போகவில்லை? இதுதான் கதை.

வடக்கில் இருந்து வந்த எழுத்து

அசோகர் காலத்தில், அதாவது கி.மு. 3ஆம் நூற்றாண்டில், கல்வெட்டுகளில் காணப்படும் எழுத்து பிராமி. அது எழுதப் பயன்பட்ட மொழி பிராகிருதம். அ-ஆ, இ-ஈ, உ-ஊ என்று குறிலுக்கும் நெடிலுக்கும் பிராமியில் தனித்தனிக் குறி உண்டு. ஆனால் ஏ, ஓ இரண்டுக்கும் ஒவ்வொரு குறிதான். எ, ஒ என்ற குறில்களுக்குத் தனி எழுத்து வேண்டும் என்ற தேவை அந்த மொழியை எழுதியவர்களுக்கு வரவில்லை. சமஸ்கிருதத்திலும் அப்படித்தான்; அங்கே ஏயும் ஓவும் எப்போதும் நெடில்.

தமிழோ வேறு மாதிரி மொழி. எரி என்றால் நெருப்பு, ஏரி என்றால் தண்ணீர். ஒரு மாத்திரை மாறினால் நெருப்பு தண்ணீராகிவிடும். கொடு-கோடு, தொடு-தோடு, பொது-போது, பெறு-பேறு, மெல்-மேல் என்று எத்தனையோ சொற்கள். ஆக, பிராமியைத் தமிழுக்கு எடுத்தவர்கள் கணக்குப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் குறைவதைப் பார்த்தார்கள். ழ, ள, ற, ன போன்ற ஒலிகளுக்குப் புது எழுத்துகள் சேர்த்தார்கள். எ, ஒ விஷயத்தில் வேறு வழி கண்டார்கள். புதிய எழுத்து உருவாக்காமல், இருக்கிற எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில்.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் இந்த விதி இருக்கிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும். எகர ஒகரமும் அப்படியே புள்ளி பெறும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலும் இதையே சொல்கிறது. இன்றைய பழக்கத்துக்கு இது தலைகீழ். இன்று 'எ' என்பதுதான் அடிப்படை, அதோடு ஒரு கோடு சேர்த்தால் 'ஏ'. அன்றோ நெடில்தான் அடிப்படை, புள்ளி வைத்துக் குறுக்கினார்கள். எழுத்து வடக்கில் இருந்து வந்தபோது நெடிலாக வந்தது என்பதன் தடயம் இது.

கொல்லிமலைக்குத் தெற்கே, கரூர் பக்கம் புகழூரில் ஒரு குன்று இருக்கிறது. அங்கே குகைத்தளத்தில் சேர மன்னர்களின் பெயர்கள் தமிழ் பிராமியில் வெட்டப்பட்டிருக்கின்றன. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. இதே இரும்பொறை மரபில் வந்தவன்தான் பெருஞ்சேரல் இரும்பொறை. காரி ஓரியைக் கொன்ற பிறகு கொல்லிமலை சேரர் கைக்குப் போனதாகச் சங்கப் பாடல் சொல்கிறது. அந்த முதல் பெயரை மட்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கோ - நெடில். செல் - குறில். பொறை - குறில். ஒரே பெயருக்குள் மூன்று இடத்தில் இந்தச் சிக்கல். புள்ளி எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ஓலையில் தொலைந்த புள்ளி

விதி இருந்தது, ஆனால் கடைப்பிடித்தவர்கள் குறைவு. பிற்காலக் கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் கிடையாது. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் தமிழ் தெரியும். பாட்டும் பாதி மனப்பாடம். புள்ளி எதற்கு?

இப்போது 'கொல்லி' ஓலையில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கலாம். முதல் ல் மேல் புள்ளி இருக்காது. எனவே 'கொலலி'. அந்த 'கொ' குறிலா நெடிலா என்பது தெரியாது. எனவே 'கோலலி'யாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, துணைக்காலும் ரகரமும் சுவடிகளில் ஒரே வடிவம். எனவே 'கெரலலி' என்று படித்தாலும் தப்பில்லை. தமிழ்நாட்டின் ஒரு மலையைத் தமிழ் எழுத்தில் எழுதி, அதைத் தமிழரே நாலு விதமாகப் படிக்கலாம்!

குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லிக்கும், மதுரைக்கும், கோழி என்று பெயர் பெற்ற உறையூருக்கும் தலைவன் என்று சொல்லிக்கொள்கிறார். அதை ஓலையில் எழுதினால் கொல்லியின் முதல் எழுத்தும் கோழியின் முதல் எழுத்தும் ஒன்றாகத்தான் இருக்கும். படிக்கிறவர் மலைக்கு ஒரு மாத்திரையும் ஊருக்கு இரண்டு மாத்திரையும் தானாகவே கொடுக்க வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தபோது முன்னால் கிடந்தவை இப்படிப்பட்ட சுவடிகள்தான். இன்று அச்சில் 'கொ' என்றும் 'கோ' என்றும் தெளிவாகப் பார்க்கிற ஒவ்வோர் இடத்துக்கும் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்.

எதை வைத்து முடிவு செய்தார்கள்? பொருள் ஒரு துணை. இன்னொரு துணை யாப்பு. 'கொடு' என்றால் நிரையசை, 'கோடு' என்றால் நேர் நேர். தவறாகப் படித்தால் சீர் தட்டும், தளை கெடும். ஆனால் யாப்பு எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'கொல்' என்றாலும் நேர், 'கோல்' என்றாலும் நேர். கொல்லியை எப்படிப் படித்தாலும் யாப்பு வாயைத் திறக்காது.

அங்கேதான் இரட்டை லகரம் உதவிக்கு வருகிறது. தனிக்குறிலை அடுத்து ஒரு மெய் நின்று, அதற்குப் பின் உயிர் வந்தால் மெய் இரட்டிக்கும் என்பது தமிழ் இலக்கணம். கல் + ஐ = கல்லை. கால் + ஐ = காலை. குறிலுக்குப் பின் இரட்டித்தது, நெடிலுக்குப் பின் இரட்டிக்கவில்லை. ஆக, ஓலையில் இரண்டு லகரம் அடுத்தடுத்து இருந்தால் அதற்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் குறில். 'கொலலி' என்பதில் இரண்டு ல இருப்பதால் அது கொல்லி. ஒரு ல மட்டும் இருந்திருந்தால் கோலியாக இருக்க வாய்ப்பு உண்டு. உயிரின் அளவை மெய் சொல்லிக் கொடுக்கிறது.

இந்த இரட்டிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இங்கிலாந்தில் இதையே பார்க்கப் போகிறோம்.

இத்தாலிக்காரர் போட்ட சுழி

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680இல் இத்தாலியில் பிறந்தவர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏசு சபைக் குருவாகத் தமிழகம் வந்தார். தமிழுக்கு அவர் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடினார், 1732இல் சதுரகராதி தொகுத்தார், இலக்கண நூல்கள் எழுதினார். 1747இல் இறந்தார்.

அவர் தமிழ் படிக்க வந்தபோது என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூர்க்காரருக்கு ஓலையில் 'எரி' என்று இருந்தால் அது நெருப்பா குளமா என்று சந்தர்ப்பம் பார்த்துத் தெரிந்துவிடும். வெளியில் இருந்து வந்தவருக்கு அந்தச் சொல்லே புதிது. தெரியாத சொல்லை எழுத்தைப் பார்த்துத்தானே படிக்க வேண்டும்? அவர் நன்றாக அறிந்த லத்தீனிலும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே ஒரே எழுத்தில் எழுதப்படும் ஒரு சொல்லை 'மலும்' என்று குறுக்கினால் தீமை, 'மாலும்' என்று நீட்டினால் ஆப்பிள்.

வீரமாமுனிவர் தீர்வாகச் செய்தது மிகச் சின்ன வேலை. கொம்பை அப்படியே விட்டால் குறில்: கெ. கொம்பின் மேல் பக்கத்தைச் சுழித்தால் நெடில்: கே. அதே போலக் கொ, கோ. உயிரெழுத்திலும் எ-ஏ, ஒ-ஓ என்ற வேறுபாடு இப்படித்தான் நிலைத்தது. லத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதில் இந்தக் குறியீட்டை விளக்கியிருக்கிறார். பழையவர்கள் புள்ளியால் குறுக்கியதை அவர் சுழியால் நீட்டினார். தலைகீழாகத் திருப்பியதால் ஒரு வசதியும் கிடைத்தது. புள்ளி மெய்யெழுத்துக்கு மட்டும் உரியதானது.

மறுநாளே எல்லோரும் மாறிவிடவில்லை. பழைய வழக்கம் ரொம்ப நாள் ஓடியது. 19ஆம் நூற்றாண்டில் அச்சகங்கள் பெருகிய பிறகுதான் சுழி எல்லா இடத்திலும் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பிறந்த எந்தக் குழந்தையும் எரியையும் ஏரியையும் எழுத்தைப் பார்த்துக் குழப்பிக்கொள்ளவில்லை.

தொல்காப்பியர் காலத்திலேயே தெரிந்த குறை, தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் உறுத்தவே இல்லை. தடுமாறிப் படித்த ஒருவருக்குத்தான் உறுத்தியது. அவர் கைவைத்த பிறகுதான் சரியானது.

இங்கிலாந்தில் ஒரு துறவி

இதே மாதிரி ஒருவர் இங்கிலாந்திலும் இருந்தார், வீரமாமுனிவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தி. பெயர் ஓர்ம். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி. பைபிள் பாடங்களைச் சாதாரண மக்களுக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்ட ஒரு நீண்ட செய்யுள் நூல் எழுதினார். தம் பெயரால் அதற்கு ஓர்முலம் என்று பேர் வைத்தார். இன்று கிடைப்பதே சுமார் 19,000 வரிகள்.

வாசிக்கிற பாதிரியார் குறிலையும் நெடிலையும் மாற்றிப் படித்துவிடக் கூடாதே என்பது ஓர்மின் கவலை. அதற்கு அவர் கண்ட வழி: குறிலுக்குப் பின் வரும் மெய்யை இரண்டு முறை எழுதுவது. ஆம், கொல்லியில் பார்த்த அதே இரட்டிப்பு! தம் நூலைப் படியெடுப்பவர்கள் இந்த இரட்டை எழுத்துகளை விடாமல் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

பாவம், படியெடுக்க யாரும் வந்ததாகத் தெரியவில்லை. அவர் கையால் எழுதிய ஒரே ஒரு பிரதிதான் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. வீரமாமுனிவரின் சுழி ஜெயித்தது, ஓர்மின் முறை தோற்றது.

ஆனால் முழுவதும் தோற்கவில்லை. இரட்டை மெய் குறிலின் அடையாளம் என்ற பழக்கம் ஆங்கிலத்தில் அரைகுறையாகத் தங்கிவிட்டது. 'ஹாப்' என்றால் தாவு. அதோடு 'இங்' சேர்த்தால் பி இரண்டாகும். 'ஹோப்' என்றால் நம்பு. அதோடு 'இங்' சேர்த்தால் பி ஒன்றுதான். கல்லை-காலை மாதிரியே இல்லை? ராத்திரிச் சாப்பாடு 'டின்னர்' என்பதில் என் இரண்டு. சாப்பிடும் கடை 'டைனர்' என்பதில் என் ஒன்று.

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் கொல்-லி என்று சொல்லும்போது லகரம் நிஜமாகவே இரட்டித்து ஒலிக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒலித்தது. பிறகு பேச்சில் ஒன்று உதிர்ந்துவிட்டது, எழுத்தில் மட்டும் இரண்டு நிற்கிறது. காலேஜில் எல் ஒன்றுதான் காதில் விழும். இரண்டாவது எல் சத்தம் போடாத காவல்காரன்.

இடம் மாறிய நெடில்கள்

ஆங்கிலப் பாடத்தில் 'ஷார்ட் ஏ', 'லாங் ஏ' என்று சொல்லித் தரும்போது தமிழ்ப் பிள்ளைகள் திகைப்பது நியாயம். தமிழில் நெடில் என்றால் அதே ஒலியை இரண்டு மாத்திரைக்கு நீட்டுவது. அ நீண்டால் ஆ. ஆங்கிலத்திலோ 'மேட்' என்ற சொல்லில் இருப்பது நெடிலாம், 'மேட்' என்று தமிழில் நாம் எழுதுகிற தரைப்பாய் 'மேட்'டில் இருப்பது குறிலாம். அதன் வாய் வடிவமே வேறு. நீளத்தில் மட்டும் வருகிற வேறுபாடு அல்ல. 'ஷார்ட் ஓ' இருக்கும் டாக்டர், ஷாப், காலேஜ் எல்லாவற்றையும் தமிழில் ஆகார நெடில் போட்டு எழுதுகிறோம். குறில் நெடிலாகிறது! ஏன் இப்படி?

ஒரு காலத்தில் ஆங்கில நெடிலும் தமிழ் நெடில் மாதிரிதான் இருந்தது. 1400 வாக்கில் 'நேம்' என்ற சொல்லை 'நாம' என்பது போலச் சொன்னார்கள். 'டைம்' ஏறக்குறைய 'டீம்'. 'ஃபீட்' என்பது 'ஃபேட்'. 'மூன்' என்பது 'மோன்'. அதற்குப் பிறகு சுமார் முந்நூறு ஆண்டுகளில் நெடில்கள் எல்லாம் ஒவ்வொரு படி மேலே ஏறின. ஆ ஏறி ஏ ஆனது, ஏ ஏறி ஈ ஆனது, ஓ ஏறி ஊ ஆனது. ஏற்கனவே உச்சியில் இருந்த ஈயும் ஊவும் ஏற இடமில்லாமல் உடைந்து ஐயும் ஔவும் ஆயின. குறில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. இதை மொழியியலில் பெரும் உயிரொலி மாற்றம் என்கிறார்கள்.

ஆங்கில எழுத்துகளின் பெயரே இதற்குச் சாட்சி. இத்தாலிக்காரர் முதல் உயிரை ஆ என்பார், அடுத்ததை ஏ என்பார், அதற்கடுத்ததை ஈ என்பார். ஆங்கிலத்தில் அவையே ஏ, ஈ, ஐ. எல்லாம் ஒரு படி தள்ளி நிற்கின்றன.

சரி, பேச்சு மாறினால் எழுத்தையும் மாற்றிவிடலாமே? அங்கேதான் நேரம் சரியில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். உயிரொலிகள் பாதி வழியில் நகர்ந்துகொண்டிருந்தபோது அச்சு ஸ்பெல்லிங்கை மெதுமெதுவாக உறைய வைத்துவிட்டது. சொல்லின் கடைசியில் ஒரு காலத்தில் ஒலித்த ஈ என்ற எழுத்து ஊமையாகி, முன்னால் இருப்பது நெடில் என்று காட்டும் வேலைக்குப் போனது. 1582இல் ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற பள்ளி ஆசிரியர் அந்த ஊமை எழுத்துக்கு ஒழுங்கான விதி சொல்ல முயன்றார். ஹாப்பும் ஹோப்பும் இன்றும் அந்த ஊமை எழுத்தால்தான் பிரிகின்றன.

அச்சு தமிழில் சுழியை நிலைக்க வைத்தது. ஆங்கிலத்தில் குழப்பத்தை நிலைக்க வைத்தது. ஒரே இயந்திரம்தான், வந்த நேரம்தான் வேறு.

வேலூரும் நெல்லூரும்

இப்போது கொல்லிமலைப் பலகைக்குத் திரும்பலாம். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஊர்ப்பெயர்களை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். 1870களில் வில்லியம் ஹண்டரின் முறை அரசு முறையானது. ஆ, ஈ, ஊ நெடில்களுக்கு மேலே ஒரு சாய்கோடு. ஏ, ஓ இரண்டுக்கும் ஒன்றும் கிடையாது. காரணம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். வட இந்திய மொழிகளை மனதில் வைத்துச் செய்த முறை அது. அங்கே ஏயும் ஓவும் நெடில்தானே, குறி எதற்கு? பிராமி வந்தபோது விடுபட்ட அதே இரண்டு குறில்கள், ரோமன் எழுத்து வந்தபோதும் விடுபட்டன. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதே தவறு!

தேவநாகரியிலும் அப்படித்தான். கொல்லியை இந்தியில் எழுதினால் வழக்கமான எழுத்தில் 'கோல்லி' என்றுதான் வரும். ஒருங்குறியில் தென்னிந்தியக் குறில்களுக்காகத் தேவநாகரிக்கு இரண்டு கூடுதல் எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் பெயர்ப் பலகைகளில் அவற்றைப் பொதுவாகப் பார்க்க முடியாது. ரோமன் எழுத்தில் இந்தக் குறையைத் தீர்த்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி மாதிரியான நூல்கள். 1924இல் வெளிவரத் தொடங்கிய அந்த அகராதி ஏ, ஓ நெடில்களின் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டது. அறிஞர்களுக்கு அது போதும். பஸ் போர்டுக்கு?

பஸ் போர்டின் நிலைமையை வேலூரும் நெல்லூரும் சொல்லும். ஆங்கிலத்தில் இரண்டும் முதல் எழுத்து தவிர அச்சு அசல் ஒன்றே, இரண்டு எல். நெல்லூர் என்பது நெல் + ஊர். குறில், அதனால் லகரம் இரட்டிக்கிறது. ஆங்கில ஸ்பெல்லிங் மிகச் சரி. வேலூரில் இருப்பதோ நெடில் ஏகாரம், ஒரே லகரம். ஆங்கிலத்தில் இரண்டு எல் போட்டதால் வெளியூர்க்காரர் வாயில் அது 'வெல்லூர்' ஆகிவிட்டது.

இதைச் சரி செய்ய ஒரு முயற்சியும் நடந்தது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி ஆணை வெளியிட்டது. வேலூருக்கு வி, ஈ, ஈ, எல், ஓ, ஓ, ஆர். ஏகாரத்துக்கு இரண்டு ஈ! படித்தவர்கள் எல்லாம் 'வீலூர்' என்று கிண்டல் செய்தார்கள். வேறு பல பெயர்களுக்கும் எதிர்ப்பு வந்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்பெல்லிங் முழுக்கத் தவறில்லை. அறுநூறு ஆண்டு தாமதம், அவ்வளவுதான். 1400இல் லண்டனில் ஒருவரிடம் இரண்டு ஈ போட்ட அந்தச் சொல்லைக் கொடுத்திருந்தால் முதல் அசையை 'வே' என்றே படித்திருப்பார். நெடில்கள் படியேறிப் போனது இங்கே யாருக்கும் நினைவில்லை.

தடுமாறுகிறவர் பக்கம்

கொல்லிமலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை ஆங்கிலத்தைத் தப்பாக வாசித்தால் என்ன நடக்கும்? சிரிப்பார்கள். அதே பிள்ளை கீழே இறங்கி நாமக்கல்லிலோ சேலத்திலோ கல்லூரியில் சேர்ந்தால் அங்கேயும் சிரிப்பார்கள். ஹோப்பை ஹாப் என்று படித்துவிட்டு, அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் வகுப்பில் வாயே திறக்காதவர்கள் எத்தனை பேர்! குறை தன் நாக்கில் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

குறை நாக்கில் இல்லை. ஐந்து குறில், ஏழு நெடில் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லப் பழகிய நாக்கு அது. அந்த எழுத்து சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது தெரிவதில்லை. அவர்கள் எழுத்தைப் பார்த்துப் படிப்பதில்லை, ஏற்கனவே தெரிந்த சொல்லை அடையாளம் காண்கிறார்கள். ஓலைச்சுவடி படித்த பழைய புலவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

எழுத்தின் ஓட்டை கண்ணில் படுவது தடுக்கி விழுகிறவருக்குத்தான். இத்தாலியில் இருந்து வந்து எரிக்கும் ஏரிக்கும் நடுவில் தடுக்கியவர்தான் தமிழுக்கு ஒரு சுழி கொடுத்தார். வாசிக்கத் தெரியாத பாதிரிகளுக்காகக் கவலைப்பட்டவர்தான் ஆங்கிலத்தில் குறிலுக்குப் பின் விடாமல் இரட்டை எழுத்து போட்டார். இருவரும் தடுமாறுகிறவர் பக்கம் நின்று யோசித்தார்கள்.

அடுத்த முறை கொல்லிமலை பஸ்ஸில் ஏறினால், எழுபது வளைவுகளை எண்ணுவதோடு அந்தப் பலகையையும் ஒரு தடவை பாருங்கள். ஆங்கிலத்தில் குறில் ஒகரத்துக்கு எழுத்து இல்லை. ஆனாலும் அங்கே இரண்டு எல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'இதற்கு முன்னால் இருப்பது குறில், நீட்டாதே' என்று ஓலையில் லகரங்கள் சொன்னதையே அவையும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.